குரல் மட்டும் வரவில்லை

டெவன்போர்ட்
பிப்ரவரி 9

அன்புள்ள நெரிடா,

நலமாக இருக்கிறாயா? முழங்கால் வலி தேவலையா? சார்ல்வில்லில் இன்னும் வெயில் தணியவில்லை என்று செய்தியில் பார்த்தேன். இங்கே கடற்காற்று உண்டு, அதனால் தப்பித்தோம்.

என் கையெழுத்தில் கடிதம் வந்ததைப் பார்த்து உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பயப்படாதே, யாரும் சாகவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீ ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாய், நான் போனை எடுப்பதில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே. காது கெட்டுப்போய்விட்டது. போனில் யார் பேசினாலும் மாட்டுத் தொழுவத்தின் நடுவே நிற்பதுபோல் ஒரே இரைச்சல். ரோமா சந்தையில் ஆயுசில் பாதியை மாடுகளை ஏலம் விட்டே கழித்தவனுக்குக் காது மிஞ்சியிருந்தால்தான் அதிசயம்.

அதனால் இனி எழுதுகிறேன். நீயும் எழுது. டாம்சின் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். தினமும் வந்து சூப் வைத்துக் கொடுக்கிறாள். மகள் கையால் சாப்பிட்டுக்கொண்டு ராஜாபோல இருக்கிறேன். காலையில் துறைமுகம் வரை நடந்துபோய்க் கப்பல் வருவதைப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரர் மெர்வின் கல்லறைக்குப் போனால் என் பெயரைச் சொல்லி ஒரு பூ வை.

உன் அண்ணன்,
பெவன்

*

சார்ல்வில்
பிப்ரவரி 24

அன்புள்ள பெவன்,

நீ சௌக்கியம் என்று எழுதியிருப்பதை நம்பிக்கொள்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம். மெர்வுக்குப் பூ வைத்தேன். உன் பெயரைச் சொன்னேன், காது விஷயத்தையும் சொன்னேன்.

எழுபது வயதில் நீ கடிதம் எழுதுவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பண்ணையில் இருந்தபோது ரேடியோ பள்ளிக்குக் கட்டுரை எழுதச் சொன்னால் நீ என் தலையில் கட்டுவாய். பேசச் சொன்னால் மட்டும் மைக்கைப் பிடுங்கிக்கொள்வாய். அந்தப் பக்கம் முந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருந்த டீச்சர், "பெவன், கொஞ்சம் மூச்சு விட்டுக்கோப்பா, மத்த பிள்ளைங்களும் இருக்காங்க" என்பார். உன் குரலைக் கேட்காமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை போகமாட்டேன் என்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். டூவூம்பாவுக்கு டாக்டரைப் பார்க்கப் போனபோது ஒரு லேப்டாப் வாங்கிவிட்டேன். வீடியோவில் பேசினால் என் உதட்டைப் பார்த்தாவது நான் சொல்வது உனக்குப் புரியும் அல்லவா? கடையில் கீரன் என்று ஒருவர், மேனேஜராம். "எது நல்லது?" என்றேன். "எதுக்கு வேணும்?" என்றார். "காது கேக்காத அண்ணன்கூட பேச" என்றேன். நேராக உயர்ந்த அலமாரிக்குக் கூட்டிப்போய்விட்டார். வெள்ளித் தட்டு மாதிரி மெல்லிசாக ஒன்று. "இதைவிட உசத்தி எங்ககிட்ட இல்ல, அம்மா." அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

டாம்சினிடம் சொல்லி அவள் கணினியை உன் வீட்டில் வைத்துத் தயார் செய். ஈஸ்டருக்கு முன் உன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
நெரிடா

*

டெவன்போர்ட்
மார்ச் 11

அன்புள்ள நெரிடா,

உன் கடிதமும் கூடவே வந்த புகைப்படமும் கிடைத்தன. உடம்பு இளைத்திருக்கிறாய், நன்றாகச் சாப்பிடு. எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இவ்வளவு உசத்தியான பொருள் எனக்காக வேண்டாமே. கடிதம் போதும் என்று நினைத்திருந்தேன். இதை எழுதும்போது அப்பாவின் ரேடியோ ஞாபகம் வந்தது. ஊரில் கிடைத்ததிலேயே உசத்தியானதைத்தான் அவரும் வாங்கினார். அடுப்படி அலமாரியில் அதை ஏற்றி வைத்துவிட்டு, "இனிமே பிரிஸ்பேன் பக்கத்து அறை மாதிரி" என்றார். கிரிக்கெட் நடக்கும்போது பிற்பகல் ஆனால் போதும், சத்தம் தேய்ந்து தேய்ந்து காற்றோடு போய்விடும். அப்பா பெட்டியைத் தட்டுவார், திருப்புவார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் நிற்பார். ஒன்றும் நடக்காது.

அப்போதுதான் நான் ஆரம்பித்தேன், ஞாபகம் இருக்கிறதா? ரேடியோ விட்ட இடத்திலிருந்து வர்ணனையை நானே எடுத்துக்கொண்டேன். பந்து வீச்சு, ஓட்டம், கைதட்டல், எல்லாம் என் வாயிலிருந்து. அம்மா மாவு பிசைந்துகொண்டே சிரிப்பாள். ஒருநாள் அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தவர் அதை நிஜம் என்றே நம்பி, பக்கத்துப் பண்ணைக்காரரிடம் போய் இங்கிலாந்து சுருண்டுவிட்டது என்று சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பர் வந்ததும் எனக்கு விழுந்த அடி உனக்கும் கேட்டிருக்கும்.

சரி, வாங்கியது வாங்கிவிட்டாய். வரும் ஞாயிறு மதியம் டாம்சின் தன் கணினியைக் கொண்டுவருகிறாள். நீ பேசு, நான் பார்க்கிறேன்.

அன்போடு,
பெவன்

*

சார்ல்வில்
மார்ச் 23

அன்புள்ள பெவன்,

நலம், ஆனால் ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. காரணம் உனக்கே தெரியும்.

என்ன அநியாயம் அது. உன் முகம் வந்தது. வெயில் காலத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கேட்க வாயெடுத்தேன். நீ வாயை அசைத்தாய், சத்தமே வரவில்லை. அப்புறம் படம் உறைந்துபோனது. உன் கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, பிடித்துவைத்த மீன் மாதிரி. அதுவும் போய் வெறும் திரை. மறுபடி கூப்பிட்டேன், அதே கதை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சுவரில் இருக்கும் வைஃபை பெட்டியோடு ஒட்டி நின்றால் கொஞ்சம் நிற்கிறது, ஓரடி நகர்ந்தால் போய்விடுகிறது.

கம்பெனிக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "அம்மா, ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க."

"காலைலேருந்து அணைச்சு அணைச்சுதான் போடறேன், கண்ணு."

"அப்ப வைஃபை வேண்டாம், ஒயரை மாட்டிப் பேசிப் பாருங்களேன்."

"எங்க மாட்டறது? இதுல ஓட்டையே இல்லையே."

அந்தப் பக்கம் எதையோ தட்டித் தேடிப் பார்த்தாள். பிறகு, "ஆமா, இந்த மாடல் ரொம்ப மெல்லிசு, அதனால ஒயர் மாட்டற இடம் வைக்கல. அதுக்குத் தனியா ஒரு துண்டு வாங்கணும்" என்றாள். உசத்தியான பொருள் என்றால் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு விற்பது என்று இப்போதுதான் புரிந்தது.

நான் விடப்போவதில்லை. நான் பேசியதாவது உனக்குப் புரிந்ததா? எழுது.

உன்,
நெரிடா

*

டெவன்போர்ட்
ஏப்ரல் 26

அன்புள்ள நெரிடா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நலம்தான். சில வாரமாக லான்செஸ்டனுக்குப் போய்வர வேண்டியிருந்தது, ஒரு சின்ன வேலை. வந்தால் களைப்பு, பேனா பிடிக்கத் தோன்றவில்லை.

ஆமாம், இங்கேயும் அப்படித்தான். இணைப்பு மோசம். அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடேன். இந்தக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடிதம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது.

வாரெகோ ஆற்றில் தண்ணீர் வந்ததா? நீச்சல் தெரியாமலே நீ குதித்த அந்த வளைவு இன்னும் இருக்கிறதா? அதைப் பற்றி எழுது. நீளமாக எழுது. படிக்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

பெவன்

*

சார்ல்வில்
மே 6

அன்புள்ள பெவன்,

நான் நலம். உன் கடிதம்தான் இளைத்துப்போயிருக்கிறது. லான்செஸ்டனில் உனக்கு என்ன வேலை? நிலம் வாங்குகிறாயா, பெண் பார்க்கிறாயா?

ஆற்றில் தண்ணீர் வந்து போய்விட்டது. வளைவு இருக்கிறது, ஆனால் நாம் ஏறிக் குதித்த மரம் சாய்ந்துவிட்டது. நான் குதித்தபோது நீ கரையில் நின்று, "காலை அடி, கையை வீசு, வாயை மூடு" என்று ஏலம் விடுவதுபோல் கத்தினாய். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேர்ந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

லேப்டாப் கதைக்கு வருகிறேன். பஸ் ஏறி டூவூம்பாவுக்கே போய்விட்டேன். கீரன் என்னைப் பார்த்ததும் சிரித்தார், பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அதை அங்கேயே திறந்து ஓட்டிக் காட்டினார், அற்புதமாக ஓடியது. கடையின் வைஃபை பெட்டி அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது.

"உங்க வீடு தகர வீடா, அம்மா?"

"ஆமா."

"அதான். தகரம் சிக்னலைத் தடுக்கும்."

"அந்தத் தகரத்துக்குள்ளதான் என் பழைய போன் வேலை செய்யுது. பெட்ரோல் பங்க்ல வாங்கினது. அது பேசுது, உங்க உசத்தி பேசமாட்டேங்குதே."

"ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு மாதிரிம்மா. கம்பெனி சொல்ற அளவுக்குள்ளதான் இது வேலை செய்யுது."

"அந்த அளவை யாருப்பா வெச்சது? வாங்கறவங்களைக் கேட்டா வெச்சாங்க?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "நானும் இதைத்தான் வாங்கினேன், எனக்கும் இதே கதைதான்" என்றார். கீரனுக்கு வியர்த்துவிட்டது, ஆள் அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

மெர்வ் இருந்தால் என்ன சொல்வார் தெரியுமா? விலை அதிகம் கொடுத்தவனுக்குத்தான் குறை சொல்ல வெட்கமாக இருக்கும், தன் முட்டாள்தனம் வெளியே தெரிந்துவிடுமே என்பார். எனக்கு வெட்கமில்லை. உன் குரல் வரும்வரை சண்டை போடுவேன்.

அன்புடன்,
நெரிடா

*

சார்ல்வில்
ஜூன் 15

அன்புள்ள பெவன்,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ நலமா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

கம்பெனியிலிருந்து ஜோலீன் என்ற பெண் வந்தாள். அடுப்படி மேசையில் லேப்டாப்பைத் திறந்து அடிப்பலகையைக் கழற்றினாள். கழற்றியதும், "அட" என்றாள். திரையோரமாக ஓடிவரும் ஆன்டெனா கம்பி, உள்ளே மாட்டவேண்டிய இடத்தில் மாட்டாமல் சும்மா தொட்டுக்கொண்டு கிடந்தது. தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டார்களாம்.

"இதுவரைக்கும் ஆன்டெனாவே இல்லாம ஓட்டியிருக்கீங்க. இது ஓடினதே பெரிய விஷயம்" என்றாள்.

"எங்க வீட்டுத் தகரத்தைக் குறை சொன்னாங்களே."

"தகரம் பாவம்" என்று சொல்லிக் கம்பியை அழுத்தி மாட்டினாள். டிக் என்று ஒரு சத்தம். அவளுக்கு டீயும் லாமிங்டன் கேக்கும் கொடுத்து அனுப்பினேன்.

அவள் போனதும் மவுண்ட் ஐசாவில் இருக்கும் என் சிநேகிதியைக் கூப்பிட்டேன். அவள் பின்னால் கெட்டில் கொதிப்பதுகூடக் கேட்டது. கொல்லைப்புறம் வரை தூக்கிக்கொண்டு போனேன், இணைப்பு அறுந்துபோகவில்லை. கீரனையும் கூப்பிட்டேன், அவர் பெருமூச்சு விட்டதும் தெளிவாகக் கேட்டது.

ஞாயிறு உன்னைக் கூப்பிட்டேன். உன் படம் கண்ணாடிபோல் வந்தது. உன் புருவத்தில் நரை முடி தெரிந்தது. சுவரில் அம்மாவின் கடிகாரம் ஓடுவது கேட்டது. உன் நாற்காலி கிரீச்சிட்டது கேட்டது. நீ வாயை அசைத்தாய். குரல் மட்டும் வரவில்லை. நீ காதைக் காட்டினாய், கையை விரித்தாய், கணினியை மூடிவிட்டாய்.

பிறகு டாம்சினுக்கு போன் செய்தேன். "அத்தை, என்கிட்ட கேக்காதீங்க. அப்பாகிட்டயே கேளுங்க" என்று சொல்லி அழுதாள்.

கேட்கிறேன், பெவன்.

நெரிடா

*

டெவன்போர்ட்
ஜூலை 1

அன்புள்ள நெரிடா,

என் காது நன்றாக இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று என் குரல் கம்மியிருந்ததைக் கேட்டுச் சளியா என்றாய். ஆமாம் என்றேன். அது தொண்டையில் புற்றுநோய். ஜனவரியில் அறுவை செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். மஃப்ளர் அதற்குத்தான். லான்செஸ்டனுக்குப் போனது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு. எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது, இப்போது பயம் இல்லை என்கிறார் டாக்டர். அதை நான் நம்புகிறேன், நீயும் நம்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவுக்கு நிலம் இருந்தது, உனக்குப் படிப்பு இருந்தது, எனக்கு வாய் ஒன்றுதான் இருந்தது. ரோமாவில் நான் மேடையேறினால் டீக்கடைக்காரர்கூட வெளியே வந்து கேட்பார். ஊமையாகிப்போனவனை நீ பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அப்புறம் நீ அந்த லேப்டாப்பை வாங்கிவிட்டாய்.

முதல் தடவை இணைப்பு அறுந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது? நான் வாயை அசைத்தேன், நீ இயந்திரத்தைத் திட்டினாய். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். உன் கடிதங்களில் நீ கீரனை வறுத்தெடுப்பதைப் படித்துச் சிரிப்பேன். சிரித்தாலும் எனக்குச் சத்தம் வராது, தெரியுமா? தோள் மட்டும் குலுங்கும். அந்தப் பொருள் ஒருநாளும் சரியாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

தொண்டையில் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு பேசப் பழக்குகிறார்கள். எண்ணெய் போடாத கேட் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அதை யாருக்கும் கேட்கக் கொடுக்கமாட்டேன்.

புறப்பட்டு வந்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பெவன்

*

சார்ல்வில்
ஜூலை 10

பெவன்,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்தபோது தபால்காரர் என்னைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்.

கோபமாக இருக்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அறுவைக்கு உள்ளே போகும் முன் என்னை நினைத்தாயா? நினைத்திருந்தால் ஏன் சொல்லவில்லை? நினைக்கவில்லை என்றால் அதை மட்டும் எழுதாதே.

வரவேண்டாம் என்றாய், வரவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் டாம்சினின் கணினிக்கு முன் உட்கார். நீ பேசவேண்டாம். நான் பட்டாணி உரிப்பேன், ஊர்க்கதை சொல்வேன். உனக்குத் தோன்றினால் காகிதத்தில் எழுதிக் காட்டு. உன் வீட்டுக் கடிகாரச் சத்தம் வந்தால்கூட எனக்குப் போதும்.

நன்றாகச் சாப்பிடு. சூப் மட்டும் போதாது, மெல்ல முடிந்ததையும் தின்னு.

நெரிடா

*

சார்ல்வில்
செப்டம்பர் 8

அன்புள்ள பெவன்,

நலமா? முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, இந்தக் கடிதம் வேறு விஷயமாக.

இத்தனை ஞாயிறும் நாம் நன்றாகத்தான் இருந்தோம். நான் பேச, நீ அட்டையில் எழுதிக் காட்ட. உன் எழுத்துப் பிழைகளுக்கு நான் சிரிக்க. போன ஞாயிறு நீ அட்டையைக் கீழே வைத்தாய், மஃப்ளரை விலக்கினாய், விரலைத் துளையில் வைத்தாய். "நெரிடா" என்றாய்.

உண்மையைச் சொல்கிறேன். பயந்துவிட்டேன். அது உன் குரல் இல்லை, எனக்குத் தெரிந்த யாருடைய குரலும் இல்லை. என் முகம் எப்படிப் போனது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த நிமிஷத்தில் உன் படம் அறுந்து திரை வெறுமையானது.

பெவன், மின்சாரம் போய் வைஃபை பெட்டி நின்றுவிட்டது. புழுதிப் புயல் வந்து கம்பம் சாய்ந்து தெருவே அணைந்துவிட்டது. நான் மூடவில்லை. வெறும் திரையைப் பார்த்து, "சொல்லு, இருக்கேன், சொல்லு" என்று பேசிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் மின்சாரம் வந்ததும் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. இனி கணினியைக் கொண்டுவரவேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்ததாக டாம்சின் சொன்னாள்.

அப்போது குறை இயந்திரத்தில் மட்டும் இல்லாதபோதும் எல்லாம் இயந்திரத்தால்தான் என்று என்னை நம்பவைத்தாய். இப்போது குறை நிஜமாகவே கம்பத்தில், அதை நீ நம்பமாட்டாயா? உன்னைப் பார்த்து நான் பயந்தது உண்மை. ஓடிப்போகவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

லேப்டாப் திறந்தே இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடு.

நெரிடா

*

டெவன்போர்ட்
செப்டம்பர் 21

அன்புள்ள நெரிடா,

நேற்று மாலை பேசிவிட்டோம், இனி கடிதம் எதற்கு என்று கேட்பாய். மூச்சு தீர்ந்துபோய்ச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

இங்கே எல்லோரும் என்னிடம் நல்லவர்களாக இருக்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரர், அடுத்த வீட்டுக்காரர், துறைமுகத்தில் நடக்க வருகிறவர்கள். நான் விரலை வைத்து ஏதாவது சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். புரிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். மறுபடி சொல்லச் சொன்னால் என் மனசு நோகும் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். டாம்சின்கூட அப்படித்தான். அதனால் பேசுவதையே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

நேற்று நான் பொரித்த உருளைக்கிழங்கு கேக்கில் அம்மா வெங்காயம் போடமாட்டாள் என்றேன். "ஒண்ணும் புரியல, மறுபடி சொல்லு" என்றாய். சொன்னேன். "இன்னும் புரியல, விரலைச் சரியா வை" என்றாய். வைத்துச் சொன்னேன். உடனே, "பொய் சொல்லாத, போடுவா, நிறையவே போடுவா, உனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று சண்டைக்கு வந்துவிட்டாய். நானும் விடவில்லை. விரல் வலிக்கிற வரைக்கும் வாதாடினோம்.

அறுவைக்குப் பிறகு நான் சொன்ன ஒன்றை யாரும் இல்லை என்று மறுத்தது அதுதான் முதல் தடவை. நீ போனதும் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். டாம்சின் வந்து, "என்னப்பா, ஏன் தோள் குலுங்குது?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

அம்மா வெங்காயம் போடமாட்டாள். ஞாயிறு பேசலாம்.

உன் அண்ணன்,
பெவன்